மேலே எழுதினதுதான் சரக்கு

என் மைத்துனர் மோகனூரில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். ஆடி முடிந்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு. அதற்கு என்னை மேனேஜராகப் போட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல மனசுதான். சேலத்தில் நான் இருபத்தொரு வருடம் வேலை பார்த்த பார்சல் ஆபீஸை, வயதாகிவிட்டது என்று முதலாளி மூடிவிட்டார். நான்கு மாதமாக வீட்டில் இருந்தேன். தங்கை புருஷன் சும்மா இருப்பதை எந்த அண்ணன்தான் பார்த்துக்கொண்டிருப்பார்?

மண்டப மேனேஜருக்கு என்ன வேலை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினார். வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு இரண்டு வார்த்தை பேச வேண்டும். ரசம் பத்தவில்லை என்று பெண் வீட்டார் சண்டைக்கு வந்தால் சிரித்துச் சமாளிக்க வேண்டும். வழியை மறித்து யாராவது காரை நிறுத்தியிருந்தால், மேடையேறி மைக்கில் வண்டி நம்பரைச் சொல்லி எடுக்கச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. டவுன் பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தால் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது சேர்ந்து இறங்கி, திரும்பி நடந்து வருகிறவன் நான். போன் அடித்தால் அது ஓயும்வரை காத்திருந்து, பிறகு ‘என்ன விஷயம்?’ என்று மெசேஜ் அனுப்புகிறவன். என் கையில் மைக்கா?

மனைவி எனக்காகப் பரிந்து பேசினாள். “ஆடி முடியட்டும்ணா. அதுக்குள்ள இவருக்கு வேற எதுவும் அமையலைன்னா பாத்துக்கலாம்” என்றாள். அப்படி எனக்கு ஒரு மாதமும் சொச்சமும் கிடைத்தது. அதற்குள் எனக்கென்று ஒரு வேலை. இல்லாவிட்டால் மைக்.

வேலை தேடுவதில் உள்ள கஷ்டம், அதைக் கேட்க வேண்டும் என்பது. ஆனால் இப்போதெல்லாம் நேரில் போனாலும் யாரும் உட்கார வைத்துப் பேசுவதில்லை. ‘மெயில் போட்டு விடுங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். முகம் பார்க்க வேண்டாம், குரல் எழுப்ப வேண்டாம். கூச்சக்காரன் எவனோதான் இமெயிலைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் போன் தமிழில் இருந்தது. மெயிலைத் திறந்தால் மேலே ‘பொருள்’ என்று ஒரு சின்ன வரி, கீழே பெரிய வெற்றிடம். முதல் மெயிலில் அந்தச் சின்ன வரிக்குள்ளேயே முழுக் கடிதத்தையும் எழுதிவிட்டேன். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள, எல்லாம் ஒரே வரியில், ரயில் பெட்டிகள் போல. வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டேன்.

பிறகுதான் அந்த வரி எதற்கென்று புரிந்தது. எனக்குத் தெரிந்த பொருள்தான் அது. பத்தாம் வகுப்பில் கடிதம் எழுதும் கேள்விக்குப் ‘பொருள்’ எழுதி, முடிவில் ‘சார்பு’ போடாவிட்டால் தமிழாசிரியர் அரை மதிப்பெண் குறைப்பார். அந்தப் பயத்தில் நன்றாகப் படித்திருந்தேன். அதனால் இரண்டாவது மெயிலில் ‘பொருள்: வேலை வேண்டி விண்ணப்பித்தல் – சார்பு’ என்று எழுதினேன். ஏற்கெனவே பொருள் என்று போட்டிருந்த இடத்தில் நானும் பொருள் என்று எழுதியது அப்போது தவறாகத் தெரியவில்லை. ஒரு பொருளுக்கு இரண்டு பொருளாக இருக்கட்டுமே.

அடுத்ததாக ஒரு பெரிய கம்பெனிக்கு இங்கிலீஷில் போட வேண்டியிருந்தது. பார்சல் ஆபீஸில் இங்கிலீஷ் கடிதங்களின் பொருள் வரி எப்போதும் ‘ரெக்’ என்றுதான் முடியும். நானும் இருபத்தொரு வருடம் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன். ரெக் என்றால் ரிஜிஸ்டர் தபால், வழியில் தொலைந்து போகாது என்று நம்பியிருந்தேன். ஆகவே மெயிலிலும் மறக்காமல் போட்டேன். மனைவி அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணிடம் கேட்டு வந்து, அது ‘ரிகார்டிங்’ என்பதன் சுருக்கம், நம்முடைய ‘சார்பு’தான் அது என்று சொன்னாள். எத்தனை கடிதங்களை ரிஜிஸ்டர் செய்த நிம்மதியோடு சாதாரணத் தபாலில் போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்து, பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

அந்த வெட்கத்தில் அடுத்த மெயிலில் பொருள் வரியை எழுதாமலே விட்டுவிட்டேன். அனுப்பிய பிறகு பார்த்தால், அந்த இடத்தில் போன் தானாகவே ‘பொருள் இல்லை’ என்று எழுதியிருந்தது. வேலையும் இல்லாதவனைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியதில்லை.

பதினொரு மெயில் போனது. ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆடி பிறந்து ஒரு வாரமாகியிருந்தது. மைத்துனர் மண்டபத்துக்கு வாங்கிய புது ஸ்பீக்கரின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

அன்று சாயங்காலம் மனைவி என் போனை வாங்கி, அனுப்பிய மெயில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் தோள் குலுங்கியது.

“ஏனுங்க, இதென்ன சார்பு? யாரு சார்புல?”

“அப்படித்தான் எழுதணும்.”

“கிளினிக்குல ஒருத்தர் வந்து ‘வைத்தியம் வேண்டி வருதல் சார்பு’ன்னு நின்னா, நான் எந்த டாக்டருக்குங்க டோக்கன் போடறது? பல்லா, கண்ணா, வயித்து வலியான்னு சொல்லோணுமா இல்லீங்களா?”

இன்னொன்றில் வெறும் ‘அவசரம்’ என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, அவசரம் என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லாரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவோம் என்றாள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை வெளியே காட்டவும் எனக்குக் கூச்சம்.

மறுநாள் கிளினிக்குக்கு வர வேண்டிய மருந்துப் பெட்டிகள் ஒரு பார்சல் ஆபீஸில் வந்து கிடந்தன. சும்மாதானே இருக்கிறீர்கள், எடுத்து வந்து கொடுங்கள் என்றாள். போனேன். எனக்குப் பழக்கமில்லாத ஆபீஸ். கவுன்டரில் ஒரே கூட்டம். எப்படி முன்னால் போய்க் கேட்பது என்று வாசலிலேயே தயங்கி நின்றேன். உள்ளே அறுபது எழுபது கட்டுகள் சுவர்வரை அடுக்கியிருந்தன. நின்ற இடத்திலிருந்தே எங்கள் பெட்டிகள் கண்ணில் பட்டன. மேலே நீல மையில், ‘2 – சேலம் அஸ்தம்பட்டி – மருந்து.’ யாரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கவில்லை. நேராகப் போய் அவற்றின் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

இதற்கு எங்கள் தொழிலில் மார்க்கா என்று பெயர். கட்டின் மேல் நாலு வார்த்தையில் எழுதுவது. இருபத்தொரு வருடம் நான் செய்த முக்கியமான வேலையே அதுதான். பத்தடி தூரத்திலிருந்து லோடுமேன் படிக்க வேண்டும், அதுவும் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு. வணக்கம், நலம், தங்கள் உண்மையுள்ள என்றெல்லாம் அதில் எழுத முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் முதலாளி சொல்வார்: “கட்டைப் பிரிச்சுப் பாக்க எவனுக்கும் நேரமில்லப்பா. மேல எழுதினதுதான் சரக்கு.” மற்றவர்கள் சரக்குக்கெல்லாம் ஒழுங்காக மார்க்கா போட்டு அனுப்பிய நான், என்னை அனுப்பும்போது மட்டும் மேலே ‘சார்பு’ என்று எழுதியிருக்கிறேன்.

அந்த வாரமே எங்கள் சர்ச்சின் பங்கு மக்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு முட்டைக் கம்பெனிக்கு டிஸ்பேட்ச் கிளார்க் தேவை. லாரியில் சரக்கு ஏற்றி அனுப்புவதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எனக்கென்றே செய்தது போல இருந்தது. ஆனால் கடைசி வரியில் ‘பிளஸ் டூ தேர்ச்சி அவசியம்’ என்று போட்டிருந்தது. நான் பத்தாவதோடு நின்றவன்.

போனை வைத்துவிட்டேன். மனைவி எடுத்துக் கையில் கொடுத்தாள். “போடுங்க. வேண்டாம்னா அவங்க சொல்லட்டும். அவங்களுக்கு முந்தி நீங்களே எதுக்குங்க சொல்லறீங்க?” என்றாள்.

பயோடேட்டாவில் பத்தாம் வகுப்பு என்று உள்ளதை உள்ளபடிதான் எழுதியிருந்தேன். அதையும் பழைய முதலாளி கொடுத்த அனுபவச் சான்றையும் இணைத்தேன். பிறகு பொருள் வரிக்கு வந்தேன். மார்க்கா போடுவது போலவே யோசித்தேன். ஒரே பார்ட்டிக்கு இரண்டு கட்டு போனால் முதலில் எண்ணிக்கையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை இறக்கிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். இணைப்பு இரண்டு, ஆகவே 2. அடுத்து என்ன வேலை, எத்தனை வருட அனுபவம், எந்த ஊர். கீழே வெற்றிடத்தில் போன் நம்பரை மட்டும் எழுதினேன்.

இன்னும் ஒன்று இருந்தது. எதை எழுதினாலும் தலையில் சிறிதாக ஒரு சிலுவை போட்டுவிட்டுத் தொடங்குவது சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் பழக்கிவிட்டது. பார்சல் ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் பிள்ளையார் சுழி போடுவார், நான் சிலுவை போடுவேன். பிறகு இருவரும் பில் புத்தகத்தைத் திறப்போம். இதுவரை மெயிலிலும் சிலுவையைக் கடிதத்துக்கு உள்ளேதான் போட்டு வந்தேன். இப்போது எல்லாமே மேலே என்று ஆன பிறகு சிலுவையும் மேலேதானே வர வேண்டும்? போனில் சிலுவை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. எண்கள் இருக்கும் இடத்தில் கூட்டல் குறி இருந்தது. அதுவும் பார்க்கச் சிலுவை மாதிரிதான்.

அனுப்பிய வரி இதுதான்: ‘+2 – டிஸ்பேட்ச் கிளார்க் வேலை – 21 வருட பார்சல் அனுபவம் – சேலம்.’

மூன்றாம் நாள் போன் அடித்தது. வழக்கம்போல ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பச்சைப் பொத்தானை அழுத்தி என் காதில் வைத்துவிட்டாள். ஒரு பெண் குரல், முட்டைக் கம்பெனியிலிருந்து. புதன்கிழமை சர்டிபிகேட்டுகளோடு வரச் சொன்னது. நான் மூன்று முறை “சரிங்க” என்றேன், அவ்வளவுதான். பிளஸ் டூ இல்லாததை மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மார்க்காவின் மகிமை என்று மனைவியிடம் கொஞ்சம் பெருமையடித்தும் கொண்டேன்.

புதன்கிழமை நாமக்கல் பஸ்ஸில் போய், நல்ல வேளையாக இன்னும் இரண்டு பேர் இறங்கியதால் புதுச்சத்திரத்திலேயே இறங்கினேன். ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர். நீளநீளமான கோழிக் கொட்டகைகள், அதன் முன்னால் ஒரு கிடங்கு, கிடங்கின் மாடியில் ஆபீஸ். கீழே முட்டை அட்டைகளை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே மேனேஜராக முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். முதலாளியின் மருமகள் என்று பிறகு தெரிந்தது. உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வரிசையாக மெயில்கள். ‘ரெஸ்பெக்டட் சார்’, ‘ஜாப்’, ‘ஹாய்’, ‘பொருள் இல்லை’. நடுவில் என்னுடையது.

“நூத்துக்கும் மேல வந்துச்சுங்க. எல்லாத்தையும் தொறந்து பாக்க முடியுங்களா? உங்களுது ஒண்ணுதான் பாத்த ஒடனே வெளங்குச்சு. படிப்பு, வேலை, அனுபவம், ஊரு, எல்லாம் வரிசையா போட்டிருக்கீங்க.”

படிப்பா? நான் படிப்பைப் போடவே இல்லையே என்று திரையைப் பார்த்தேன். +2. நான் போட்ட சிலுவையும் நான் போட்ட எண்ணிக்கையும் ஒட்டி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தன.

“பிளஸ் டூ மார்க் சீட் கொண்டாந்திருக்கீங்களா சார்?”

சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஆனால் சிலுவை, மார்க்கா, சிஸ்டர், இரண்டு கட்டு என்று எவ்வளவு பேச வேண்டியிருக்கிறது! அறிமுகமில்லாத ஒருவரிடம் என் வாழ்நாளில் நான் அவ்வளவு பேசியதில்லை. அதைவிட இரண்டு வார்த்தை சுலபமாக இருந்தது.

“வீட்ல இருக்குதுங்க” என்றேன்.

“செரி, நாளைக்கு வரும்போது எடுத்தாந்துருங்க. நாளையிலிருந்தே வந்துருங்க” என்றார்.

அவ்வளவுதான். வேலை கிடைத்துவிட்டது. மைக் தொலைந்தது. படியிறங்கினேன். பாதிப் படியில் ஒன்று நினைவுக்கு வந்தது. பெரிய வெள்ளிதோறும் கோயிலில் வாசிப்பார்கள், ஆண்டவரைப் பற்றிக் கேட்டதும் ‘எனக்குத் தெரியாது’ என்று மூன்று முறை சொன்ன சீடர் சேவல் கூவியதும் வெளியே போய் அழுததை. நான் ஒரே ஒரு முறைதான் சொன்னேன் என்று கணக்குப் பார்த்தேன். அதோடு இது முட்டைப் பண்ணை. ஆயிரக்கணக்கில் கோழிகள் இருக்கும், பேருக்கு ஒரு சேவல்கூட இருக்காது. கூவுவதற்கு ஆளில்லை என்று கொஞ்சம் தைரியம் வந்தது.

கிடங்கு வாசலில் நின்றிருந்த லாரி பின்னால் வருவதற்காக ஹாரன் அடித்தது. மூன்று முறை.

கிடங்கில் ஒருவர் அட்டைகளின் மேல் எழுதிக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பது ஒன்று, மேலே எழுதுவது ஒன்று என்றால் அது என்ன சரக்கு? என் கையெழுத்தில் அப்படி ஒரு கட்டு இதுவரை எந்த ஊருக்கும் போனதில்லை. என்னைத்தான் முதலாவதாக அனுப்பிவிட்டு நிற்கிறேன்.

திரும்பிப் படியேறினேன். கதவருகே நின்றேன். மேனேஜர் நிமிர்ந்து பார்த்து, என்ன மறந்துவிட்டீர்கள் என்று கேட்டார்.

“அது பிளஸ் டூ இல்லைங்க” என்றேன். “சிலுவைங்க.”

“என்னங்க?”

“சிலுவை. அதுக்கப்புறம் ரெண்டு.”

அவர் முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்பதால் மேசையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் பத்தாவதுதான் என்றும், வீட்டில் மார்க் சீட் எதுவும் இல்லை என்றும் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேனோ தெரியாது. முடித்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. என் மெயிலின் இணைப்புகளை அப்போதுதான் முதன்முதலாகத் திறந்தார். பயோடேட்டாவைப் பார்த்தார். சான்றைப் பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார்.

“ரெண்டுதான் இருக்குது” என்றார்.

“ஆமாங்க. ரெண்டுன்னு போட்டிருந்தேன்.”

“சிலுவைங்கறது நாங்க பிள்ளையார் சுழி போடறாப்பலயா?”

“அப்படியேதானுங்க.”

ஜன்னல் வழியாகக் கீழே லாரியை எட்டிப் பார்த்தார். பிறகு, “எங்காளுங்க மேல நூறு அட்டைன்னு எழுதிட்டு உள்ள தொண்ணூத்தெட்டு ஏத்தி உடறாங்க. அதுக்குத்தான் படிச்ச ஆளாப் பாக்கலாம்னு மாமா சொன்னாரு. நாளைக்கு வர வேண்டாமுங்க. அவரைக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கிடைத்த வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவன் என்று மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், “அம்புட்டுப் பேசுனீங்களா? நீங்களா?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். அப்படியானால் மண்டபத்துக்கும் நான் லாயக்குதான் என்று அவள் முடிவு செய்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று, சனியும் போயிற்று. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்து போனைப் பார்த்தால் ஒரு மெயில் வந்திருந்தது. பதில் மெயில் என்பதால் மேலே நான் எழுதிய வரிதான் அப்படியே இருந்தது: +2, டிஸ்பேட்ச் கிளார்க், 21 வருடம், சேலம். ஆம் என்றோ இல்லை என்றோ அதில் ஒரு எழுத்து இல்லை. மேலே பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாமல், என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கட்டைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. போனை நீட்டினேன், மனைவி பிரித்தாள்.

‘திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரவும். மார்க் சீட் வேண்டாம். எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்று மாமா சொல்கிறார்.’

கோயில் வாசலிலேயே மனைவி என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அதற்கு அவசியம் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு அவளுடைய அண்ணனுக்கு நானே போன் செய்து சொல்லிவிட வேண்டும், அதுதான் மரியாதை என்றாள். நான் அவருக்கு ஒரு மெயில் போட்டேன். ‘மண்டபம் – மன்னிக்கவும், வர இயலாது – வேலை கிடைத்துவிட்டது – புதுச்சத்திரம்.’ எல்லாம் மேலேயே வந்துவிட்டதால் கீழே எதுவும் எழுதவில்லை.

“எங்கண்ணன் மெயிலைத் தொறந்து ரெண்டு வருசம் ஆச்சுங்க” என்றாள்.

எனக்கு அது தெரியும். பிறகு அவள்தான் போன் செய்தாள்.

இப்போது தினமும் சாயங்காலம், எந்த லாரியில் என்ன போயிருக்கிறது என்று கேரளத்துக் கடைகளுக்கு மெயில் போடுவது என் வேலை. முதலில் சிலுவை, அடுத்து எண்ணிக்கை. இரண்டுக்கும் நடுவில் மறக்காமல் கொஞ்சம் இடம் விடுகிறேன்.